கம்ப்ரஸர் போன கோடை

எண்பதுகளின் தொடக்கத்தில் தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் டெலிபோன் இருந்த வீடு ஒன்று, ஏசி இருந்த வீடு ஒன்று. டெலிபோன் எதிர்வீட்டு வக்கீலுடையது. ஏசி எங்களுடையது. அதை வாங்கும் வசதியெல்லாம் எங்களுக்குக் கிடையாது. காளவாசலில் அப்பா வைத்திருந்த இரும்புக் கடையில் ஆணியும் கீலும் விற்று ஏசி வாங்க முடியாது. அது சித்தியோடு சீராக வந்தது.

சித்திக்குச் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டி. அவள் அப்பா பருத்தி வியாபாரி. ஒரு மில்லின் ஆபீஸை இடித்துக் கட்டியபோது, அங்கே இருந்த பழைய ஏசியை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். கல்யாணம் முடிந்ததும் பீரோ, கட்டிலோடு அதையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். "எம் மக வேப்ப மரத்துக் காத்துல படுத்து வளந்தவ. டவுனு வெக்கை தாங்க மாட்டா" என்று அதற்குக் காரணமும் சொன்னார். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் ஒதுக்கியிருந்த பின்னறையின் ஜன்னல் கம்பிகளை அறுத்து, பலகை அடித்து, நாலு ஆள் சேர்ந்து அதைத் தூக்கி வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை மங்கி எரிந்தது. பிறகு பஸ் கிளம்புவது போல ஒரு சத்தம். அதன் பிறகு குளிர்.

முதல் சில நாட்கள் நானும் தம்பியும் அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்து, கதவிடுக்கில் வருகிற குளிரைக் காலில் வாங்கிக்கொண்டிருந்தோம். சித்திக்கு மனசு கேட்கவில்லை. எங்களை உள்ளே கூப்பிட்டாள். எங்களைக் கூப்பிட்டவள் அத்தையை எப்படிக் கூப்பிடாமல் இருக்க முடியும்? அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா, கணவரை இழந்து எங்களோடு இருந்தவள். "நீங்களும் வந்து படுங்க மதினி" என்று சித்தி சொன்ன மறுநிமிஷம் அத்தையின் தலையணை உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகள் அங்கே இருந்தால் அம்மாவும் அங்கேதானே இருக்க வேண்டும்? அம்மாவும் வந்தாள்.

இப்படியாக அது பெண்களும் பிள்ளைகளும் படுக்கிற அறையாகிவிட்டது. சித்தப்பாவை யாரும் போகச் சொல்லவில்லை. அவருக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். அவர் தன் தலையணையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் அப்பா பக்கத்தில் படுத்தார். காலையில் ஆபீஸுக்குக் கிளம்ப, தன் அறைக் கதவைத் தானே தட்டுவார்.

"யாரு?" என்பாள் அத்தை உள்ளேயிருந்து.

"நாந்தேன்க்கா. பீரோவுல சட்டை எடுக்கணும்."

"புள்ளைக தூங்குதுக. குளிரு போயிரும், சட்டுனு எடுத்துட்டுக் கதவச் சாத்து."

எனக்கு அப்போது எட்டு வயது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான கோடை அதற்கு முன் வந்ததில்லை. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் இடுப்பில் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவேன். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்ததே என்னோடு தூங்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

பங்குனியில் ஏசி முதல் தடவை மக்கர் செய்தது. சத்தம் வந்தது, குளிர் வரவில்லை. டவுனில் மசூதித் தெருப் பக்கமிருந்து ஒரு மெக்கானிக்கை அப்பா கூட்டி வந்தார். கையில் தோல் பை, வாயில் வெற்றிலை. ஓயாமல் பேசுகிற மனிதர். அவர் பையைக் கீழே வைக்குமுன்பே அப்பா கேட்டுவிட்டார்.

"தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க பாய். எம்புட்டு ஆகும்?"

"தொறக்காம ரேட்டு சொன்னா அது பொய்யி அண்ணே. தொறந்து பாத்துட்டுச் சொல்றேன். பிடிக்கலைன்னா மூடி வச்சுட்டுப் போறேன்."

முன்பக்க மூடியைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு சல்லடையை உருவினார். அதில் கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது. குழாயடியில் கழுவி, காயவைத்து மாட்டியதும் குளிர் திரும்பி வந்தது. கூலியும் சொற்பம்தான். போகும்போது அப்பாவுக்கு விளக்கம் சொன்னார். "இதக் கழுவுறதுக்கு என்னையக் கூப்பிடவே வேணாம், நீங்களே மாசம் ஒரு வாட்டி கழுவிருங்க. கேஸ் எறங்கிருச்சுன்னா கொஞ்சம் செலவு. எங்க ஒழுகுதுன்னு பாத்து அடைக்காம கேஸ் மட்டும் நெரப்புறவன நம்பாதீக. ஆனா கம்ப்ரஸர் போச்சுன்னு வைங்க, அப்ப செலவு பண்ணாதீக. பழைய மெஷினுக்கு அது ஆகாது."

அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மோர்ச் செம்போடு நின்ற சித்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்திரை பிறந்த கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசி அடியோடு நின்றுபோனது. சத்தம்கூட இல்லை. மறுபடி மெக்கானிக் வந்தார். அப்பா கூடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, அறையில் மெக்கானிக்கும் சித்தியும் நானும் மட்டும்தான். அவர் ஏசியைத் தொடவேயில்லை. பிளக்கைப் பிடுங்கி, அதைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒயர் கழன்று தனியாகக் கிடந்தது.

"இது தானாக் கழலாதே தங்கச்சி" என்றார்.

சித்தி தரையைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "அண்ணே, அன்னைக்கு ஒண்ணு சொன்னீகள்ல. செலவே பண்ணக் கூடாதுன்னு. இது அதுவா இருக்குமோ?" என்றாள்.

மெக்கானிக் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் அடுக்கியிருந்த ஜமுக்காளங்கள், ஐந்து தலையணைகள், அத்தையின் தைல டப்பா, தம்பியின் மரப்பாச்சி, கட்டிலடியில் அம்மாவின் வெற்றிலைப் பெட்டி. கடைசியாக என்னைப் பார்த்தார். வெற்றிலைச் சாற்றை விழுங்கிக்கொண்டு, "அதேதேன்மா" என்றார். ஒயரை மாட்டி, பிளக்கை மூடித் திருகினார். கம்ப்ரஸர் என்பது பிளக்குக்குள் இருக்கிற சாமான் என்றும், இதெல்லாம் தெரிந்த சித்தி பெரிய படிப்புப் படித்தவள் என்றும் நான் நினைத்துக்கொண்டேன்.

கூடத்துக்கு வந்து மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார். கம்ப்ரஸர் போய்விட்டது. மெட்ராஸிலிருந்து வரவழைக்க வேண்டும். என்ன ஆகும் என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா பேனாவைக் கீழே வைத்தார்.

"இனிமே காத்து மட்டும் வரும் அண்ணே. சத்தமும் வரும். குளிரு வராது. வேணும்னா ஃபேன் மாதிரிப் போட்டுக்கிடலாம்."

அப்பா கூலி எடுத்துக் கொடுத்தார். செய்யாத வேலைக்குக் காசு வேண்டாம் என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா என்று அப்பா ரொம்ப நாள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குளிர் இல்லாத அறையில் புழுங்க யாருக்கு ஆசை? அன்றைக்கே ஜமுக்காளங்கள் மாடிக்கு ஏறின. அம்மாவும் அத்தையும் பிள்ளைகளும் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். நான் கீழே சித்தியோடுதான் படுப்பேன் என்று அழுதேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள். சித்தப்பா மட்டும் தன் தலையணையோடு மாடியிலிருந்து இறங்கினார். அன்று மாலை அவர் எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்திருந்தார்.

"மெஷின் போன வீட்ல எதுக்குடா அல்வா?" என்று அப்பா கேட்டார்.

"சும்மாதேண்ணே" என்றார் சித்தப்பா.

அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. இடத்தை அடைக்கிறதே, பழைய இரும்பு விலைக்காவது தள்ளிவிடலாம், கடைக்கு வருகிற ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த சித்தியின் கரண்டி அப்படியே நின்றது. சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மாதான் பேசினாள். "சம்பந்தி வீட்டுச் சீரு அது. அவுக வந்து எங்கன்னு கேட்டா எடைக்குப் போட்டுட்டோம்னா சொல்லுவீக?" ஏசி ஜன்னலிலேயே இருந்தது.

சில நாள் கழித்து, காலையில் தம்பி எறிந்த பந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் விழுந்தது. முள்ளும் கண்ணாடியும் கிடக்கும் என்பதால் நாங்கள் அங்கே போவதே இல்லை. அன்று போனேன். ஏசியின் பின்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கீழே மண் நனைந்து, புல்கூட முளைத்திருந்தது. ஓடிப்போய்ப் பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஏசி நிஜமாகவே குளிர்ந்தால்தான் அப்படித் தண்ணீர் சொட்டும் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டை ஏந்தினார். அண்ணாந்து, பலகை அடித்திருந்த அந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பந்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

முன்வாசலில் அத்தை நின்றிருந்தாள். "என்னத்தப் பாத்துட்டு வாரீக அப்பனும் மகளும்?"

"ராத்திரிப் பனி பெஞ்சிருக்குக்கா. மண்ணெல்லாம் ஈரம்."

"சித்திரையில பனியா?"

"பெய்யுதுல்ல" என்றார் அப்பா.

பள்ளிக்கூடம் திறந்ததும் நான் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் வீட்டில் மட்டும் சித்திரையிலும் பனி பெய்யும் என்று.