நம் குலத்தில் இல்லாத வழக்கம்

எங்கள் தாயார் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் படித்ததும் உறவினர் சிலர் கிழித்தெறியக்கூடும். தெரிந்தேதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

தாயார் பிறந்தது தென்னேரியில். காஞ்சிபுரத்தில் தகப்பனார் வீட்டுக்கு வந்த பின் தறியின் நெடுக்கிழையான பாவைப் பிணைக்கக் கற்றார்கள். தறியில் தீர்ந்த பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதில் அவர்களுக்கு எங்கள் தெருவில் ஈடில்லை. தகப்பனார் காலமானபோது எனக்கு வயது பத்து. அதன் பின்னும் தாயார் என்னை ஒரு வேளையும் பட்டினி போட்டதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம், தெருவே அறியும்.

அக்காலத்தில்தான் நம் பெரியவர்கள் சின்னக் காஞ்சிபுரத்துக் கோயில் பிராமணக் குடும்பங்களைப் பார்த்து நம் வழக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். கறி, மீன் என்ற கவிச்சி போயிற்று, புரோகிதர் வந்தார். கல்யாணப் புடவைப் பாவைக் கைம்பெண் தொடலாகாது என்றார்கள். தாயாரைக் கூப்பிடுவது நின்றது. இதெல்லாம் ஆதிநாள் தொட்ட குலாசாரம் என்றே நான் நம்பினேன். இரவல் நகையைப் பாட்டன் சொத்து என்று சொல்லிக்கொண்ட கதைதான். என் மகள் கல்யாணத்தில் தாயாரிடம், "நீ உள்ளேயே இரும்மா" என்றவனும் நானே. நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

அந்த மகள் பத்தொன்பது வயதில் கணவனை இழந்தாள். படுக்கையில் கிடந்த தாயார் என்னை அழைத்தார்கள்.

"கொழந்தைக்கு வேற எடம் பாருப்பா."

"அறுத்துக் கட்டுறது நம்ம குலத்துல கிடையாதும்மா" என்றேன். கைம்பெண் மறுபடி தாலி கட்டிக்கொள்வதை அப்படித்தான் இழிவாகச் சொல்வோம்.

"எவன்டா சொன்னான்? தென்னேரியில என் மொதப் புருஷன் பேதியில பூட்டான். மறு வருஷம் உங்க அப்பா தாலி கட்டினாரு. தெருவே வந்து துன்னுட்டுப் போச்சு. அறுத்துக் கட்டினவ வயித்துலதான்டா நீ பொறந்த!"

"இவ்ளோ நாளா ஏம்மா சொல்லல?"

"சொன்னா உனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பெரியவங்க பயமுறுத்தினாங்க. வாயை மூடிக்கினு இருந்துட்டேன். தப்புப் பண்ணிட்டேன்பா."

பெரியப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்போ எதுக்குப்பா?" என்று தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர்களே, நீங்கள் எல்லோரும் அறிந்திருந்தீர்கள். அறியாத மூடன் நான் ஒருவனே.

கடைசி நாட்களில் கஞ்சி கொடுத்து உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், தாயாரைச் சுமந்த தோள்களுக்கும் நன்றி. வரும் தை மாதம் என் மகளுக்கு மறுமணம். மாப்பிள்ளை செவிலிமேட்டுக்காரர். தாலியை முதலில் தொட்டு ஆசீர்வதித்துத் தரப் போகிறவர் கைம்பெண்ணான என் மாமியார். வந்து வாழ்த்துவோருக்கு நன்றி. இதைப் பொறுக்கமாட்டாதவர்கள் வராமலிருந்தால், அதற்கும் நன்றி.