தேவதாருப் பலகையும் கம்பி பிரஷ்ஷும்

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். அவள் புதிதாக வாங்கியிருக்கும் வீட்டுக்கு வெளிச்சுவர் முழுக்க மரப்பலகை. தேன்நிறச் சாயம் பூசிய அந்தப் பலகைகளில், வெயில் படாத பக்கமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். என்ன மரம் என்று கேட்டேன். தேவதாருவாம். இன்றைக்குத் தேய்த்துக் கழுவப்போகிறேன் என்று கையிலிருந்த பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினாள். கம்பி பிரஷ். "கீழ போடு அதை" என்று நான் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஏன் என்று மகள் கேட்டதற்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உடனே சொல்லக்கூடிய காரணமா அது? உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

தேவதாரு என்றால் எனக்கு இமயமலையெல்லாம் ஞாபகத்துக்கு வராது. மெஷின் பெட்டிதான் வரும். வெளிநாட்டு அச்சு மெஷின் சிவகாசிக்கு வந்து இறங்குகிற பெரிய பெட்டியின் பலகையை நாங்கள் தேவதாரு என்றுதான் சொல்வோம். உண்மையில் அது என்ன மரமோ. மெஷின் முதலாளிக்கு, பலகை கேட்டு வைத்தவனுக்கு. நான் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்த்த நாட்களில், ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் குடியிருந்த மாடி அறை அந்தப் பலகையால் ஆனது. மெஷின்மேனாக இருந்த வீட்டுக்காரர், கம்பெனியில் மிஞ்சிய காவி மையை எண்ணெயில் கரைத்துத் தன் கையாலேயே சாயம் பூசியிருந்தார். வெயில் ஏறினால் சுவரிலிருந்து மை வாசம் வரும். வேலை முடிந்து வந்தாலும் கம்பெனிக்குள்ளேயே இருப்பது போலிருக்கும். பூசிய வருஷமே அவர் மாரடைப்பில் போய்விட்டார். கீழே அவர் மனைவி பாக்கியம் அக்கா மட்டும் இருந்தார். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தார்.

எங்கள் ஊருக்கு மழை வராது என்று நம்பித்தான் பட்டாசே செய்கிறோம். அந்த வருஷம் ஐப்பசியில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. வடக்குப் பலகைகள் கறுத்து, இடுக்கு வழியாக அறைக்குள்ளும் பூசணம் புகுந்தது. எந்நேரமும் ஈரச் சாக்கு வாடை. என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். மூச்சிழுப்பு வந்துவிட்டது. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூங்கினாள். ஒன்று வீட்டை மாற்று, இல்லை பூசணத்தைக் கழுவு என்றார் டாக்டர்.

அக்காவிடம் கேட்டேன்.

"கழுவுனாச் சாயம் போயிருமே தம்பி. அவுக கையால செஞ்சதுன்னு அது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் மனைவிக்குத் தினமும் கண்டந்திப்பிலி ரசம் வைத்துக் கொடுத்ததும் அதே அக்காதான். கோபப்படவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்கு வீரம் வரும், அதுவும் திருட்டுத்தனமாக.

தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகள் கொஞ்ச நாள் அடைத்துக் கிடக்கும். எங்களுக்கோ அப்போதுதான் காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கும். எப்படியோ ஒரு மத்தியானம் லீவு வாங்கி, அக்கா கண்ணயர்கிற நேரம் பார்த்து, புதிதாக வாங்கிய கம்பி பிரஷ்ஷோடு அறைக்கு வெளிப்பக்கம் போனேன். கழுவினால்தானே சாயம் போகும், தண்ணீர் இல்லாமல் சுரண்டிவிடலாம் என்று என் மூளை வேலை செய்திருந்தது. நாலு இழுப்பு இழுத்திருப்பேன். ஓர் ஆணித்தலையில் பட்டுக் கிறீச்சென்றது. படியில் தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். திரும்புவதற்குள் ஒரு வாளித் தண்ணீர் என் மேலும் சுவர் மேலும் விழுந்தது.

அக்கா பிரஷ்ஷைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். "இரும்ப வச்சு உரசலாமா தம்பி? ஒரு பொறி பறந்தா என்னத்துக்கு ஆகுறது?"

இங்கே வெடிமருந்து ஏது, ஈரப் பலகைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்கு உட்காருகிறவர் அவர். இரும்பு உரசுகிற சத்தம் கேட்டால் வீடா கம்பெனியா என்று யோசிக்க அவர் கால்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அவர் சுவரைப் பார்த்தார். அவரே ஊற்றிய தண்ணீர், நான் சுரண்டிய சாயத்தையும் சேர்த்துக்கொண்டு காவி நிறத்தில் வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. உள்ளே என் மனைவி விடாமல் இருமினாள். அக்கா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினார்.

"போற சாயம் போட்டும். வாயும் வயிறுமா இருக்க புள்ள மூச்சு விடணும்ல."

வெந்நீரில் கொஞ்சம் சலவைச் சோடா கரைத்து, தேங்காய் நாரால், மரத்தின் வரி ஓடுகிற பக்கமாகவே தேய்த்தோம். கீழேயிருந்து மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் கோடு விழும் என்றார் அக்கா. என்னை அழுத்தித் தேய்க்க விடவில்லை. பூசணம் போயிற்று, அதோடு சாயமும் பாதிக்கு மேல் போயிற்று. கூரைக்கு அடியிலிருந்த மேல் பலகை இரண்டை மட்டும், அங்கே பூசணம் இல்லை என்று பொய் சொல்லி நான் விட்டுவைத்தேன். அக்கா நம்பினவர் மாதிரி இருந்துகொண்டார்.

நான் சுரண்டிய நாலு கோடும் அடுத்த மழைக்குக் கறுத்துப்போயின. எங்க தம்பி போட்ட படம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அக்கா காட்டுவார். மார்கழி பிறந்தபோது என் மனைவி ஒற்றைத் தலையணையில் தூங்கினாள். மாசியில் மகள் பிறந்தாள்.

மறுநாள் அந்த மகளைக் கூப்பிட்டு, தேங்காய் நார்தான் நல்லது என்றேன். இங்கே நாருக்கு எங்கே போவேன், கம்பி பிரஷ் ஏன் கூடாது, அதைச் சொல்லுங்கள் என்றாள். மரம் கீறிப்போகும் என்று சொல்லியிருக்கலாம். பொறி பறக்கும் என்று வாயில் வந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா போய்ப் பல வருஷமாகிறது. போன சித்திரையில் அந்த ரோட்டில் போனேன். பலகை அறை இருந்த இடத்தில் செங்கல் கட்டி டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அக்கா இருந்த கீழ்வீடு இப்போது கிரில் பட்டறை. வாசலில் ஒருவர் இரும்புக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார். பொறி தெருவரைக்கும் பறந்தது. நான் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். வாளியோடு யாரும் ஓடி வரவில்லை.