திருப்பிப் போட்ட விரிப்பு

நாகவல்லியிடம் தையல் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு திட்டு காத்திருக்கும். துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் பேட்ச்வொர்க் வகுப்பு என்று கேள்விப்பட்டதும் ஆளாளுக்கு வீட்டில் கிடக்கும் பழைய சேலை, நைந்த நைட்டி, கணவனின் சாயம்போன சட்டை என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து இறக்குவார்கள். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டாள். இதெல்லாம் பாத்திரக்காரனுக்குப் போடுகிற துணி, என்னிடம் எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று எரிந்து விழுவாள். அவளுக்குப் புதுத் துணி வேண்டும். மடிப்புக் கலையாத அந்தத் துணியைத் தயங்காமல் குறுக்கே வெட்ட வேண்டும். அடுக்குமாடி வீடுகளிலிருந்து வரும் பெண்கள் அங்கேதான் திணறுவார்கள். நல்ல துணியைப் போய் வெட்டுவதா என்று கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். வெட்ட மனசு வராதவர்கள் பேசாமல் துணிக்கடைக்கு வேலைக்குப் போங்கள் என்பாள் நாகவல்லி. இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டும் மறுவாரம் வந்து உட்கார்ந்தார்கள் என்றால், அவள் கையில் சரக்கு இருந்தது என்றுதானே அர்த்தம்.

அந்தச் சரக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைத்தது. ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் அவள் சாம்பிள் டெய்லராக இருந்தாள். வெளிநாட்டிலிருந்து ஒரு மாதிரி வரும், அதைப் பார்த்து இவர்கள் அதேபோல் ஒன்று தைத்துக் காட்ட வேண்டும். அப்படி ஒருநாள் வந்தது ஒரு குவில்ட். மேலே வண்ணத் துண்டுகள், நடுவே மெல்லிய பஞ்சு, அடியில் ஒரே முழுத் துணி. மூன்றையும் சேர்த்து ஓடும் தையல். நாகவல்லி யாருக்கும் தெரியாமல் அதன் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிட்டது. எல்லோர் முன்னாலும் அவளைக் கிழி கிழியென்று கிழித்தார். அவர் கத்திக்கொண்டிருந்தபோதே அவள் மனதுக்குள் அதைத் திரும்பத் தைத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வேறு ஊருக்குப் போனதும் மற்றவர்கள் வேறு கம்பெனிகளில் போய் உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் மண்ணூர்பேட்டை வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டு, எதிர்த்த தெருப் பெண்கள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். இன்று அவளைத் தேடிக் காட்டுப்பாக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். நாகவல்லி டீச்சர் வீடு என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

தெரியாதது அவள் அண்ணனுக்குத்தான். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலைபார்க்கும் ஏகாம்பரத்துக்குத் தங்கை இன்னமும் 'தையல் வேலைக்குப் போகிறவள்'. அவள் தைப்பதை ஒருநாளும் அவர் விரித்துப் பார்த்ததில்லை. அவளும் காட்டியதில்லை. ஆனால் அண்ணன் மகள் பானுப்பிரியாவுக்குப் பிள்ளை பிறந்ததும் நாகவல்லியால் சும்மா இருக்க முடியவில்லை. ஐந்தாம் மாதம் தாயையும் குழந்தையையும் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது சீர் வைக்க வேண்டும். அத்தை சீராக வெள்ளிக் கிண்ணம் போதும் என்று அண்ணி அஞ்சலை சொல்லியிருந்தாள். கிண்ணம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், நான் வைப்பதை நான்தான் வைக்க முடியும் என்று நாகவல்லி ஒரு குவில்ட்டைத் தைத்தாள்.

பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் நின்றால் கண்ணெதிரே ஓடும் ரயில்தான் டிசைன். நீலப் பெட்டிகள், ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு நிறம், ஜன்னலில் தெரியும் தலைகள், கதவருகே தொங்கும் ஒரு ஆள், மேலே ஆரஞ்சு வானம். அத்தனையும் புதுப் பருத்தி. அடிப்பக்கம் முழு மஞ்சள். பிள்ளை குப்புறப் படுத்துக்கொண்டு ரயிலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான் என்று நினைத்துத் தைத்தாள். அவள் கையால் தைத்ததில் அதுதான் உசத்தி. அதை அவளே சொல்லுவாள், அவளுக்கு வெட்கம் கிடையாது.

ஆவடியில் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் பந்தல். சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்ததும் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். நாகவல்லி தன் விரிப்பைப் பாய்மேல் விரித்தாள். சம்பந்தியம்மா குனிந்து ஒரு துண்டைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த தன் நாத்தனாரைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, பழைய துணியில் தைத்ததா என்று கேட்டார். இல்லை, எல்லாம் புதுசு என்றாள் நாகவல்லி. அப்படியா, ஒட்டுப் போட்டமாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன் என்றார் அவர். நல்ல நாளில் வெட்டுப்பட்ட துணியை வைப்பது வழக்கமில்லை என்று நாத்தனார் காற்றைப் பார்த்துச் சொன்னார்.

ஏகாம்பரத்தின் முகம் செத்துப்போனது. அவர் வேகமாக வந்து விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து அப்படியே திருப்பிப் போட்டார். ரயில் தரையைப் பார்த்துக் குப்புற விழுந்தது. மஞ்சள் மேலே வந்தது. அதன்மேல் பேரனைக் கிடத்தினார்கள். இது மங்களகரமாக இருக்கிறதே, மெத்தென்று இருக்கிறதே என்று சம்பந்தியம்மா மனதாரப் பாராட்டினார். அந்தப் பாராட்டுதான் நாகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொண்டுபோ என்று விட்டெறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் தைக்காத பக்கத்தை, கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய பக்கத்தை, அவளுடைய வேலை என்று மெச்சுகிறார்கள்.

அவள் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிப் பானுப்பிரியாவின் கையில் கொடுத்தாள். விரிப்பைத் திருப்பி ரயில் மேலே வரும்படிப் போட்டாள். பிள்ளையை வாங்கி அதன்மேல் கிடத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஏகாம்பரம் அவள் கையைப் பிடித்து மாடிப்படி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்.

"நம்ம அம்மா ஒட்டுப் போட்ட பொடவையோட நாத்து நட்டத பாத்து வளந்தவன் நானு," என்றார். குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அந்தக் கருமத்த என் பேரனுக்கு அடியில போட்டு, சம்மந்திங்க எதிர்ல காட்டிகினு நிக்கிறியே, உனுக்கு அறிவு கீதா? எட்த்துகினு போ."

நாகவல்லிக்குப் பதில் வரவில்லை. வகுப்பில் அத்தனை பேரையும் வறுத்தெடுக்கிற வாய்க்கு அன்று பூட்டு விழுந்தது. விரிப்பைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, பந்தியில் உட்காராமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள். சம்பந்தி வீட்டார் மீதிச் சீரோடு பானுப்பிரியாவையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு காட்டுப்பாக்கம் போய்விட்டதாக அஞ்சலை போனில் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அந்தப் பை ஒரு மூலையில் கிடந்தது. ஐ.டி. வேலையிலிருக்கும் கிருஷ்ணப்பிரியா என்ற மாணவி அதை எட்டிப் பார்த்து, எடுத்து விரித்துவிட்டாள். விரித்தவள் சொக்கிப்போனாள். தங்கள் அடுக்குமாடியில் நடக்கவிருக்கும் கண்காட்சியில் இதை நடுநாயகமாக மாட்டலாம் என்றாள். அடியில் ஒரு போர்டு வைத்து, 'ஏழ்மையிலும் ஓர் அழகு' என்று எழுதலாம் என்றாள். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னாள். நாகவல்லி மெஷினை நிறுத்தினாள்.

"ஏழ்மையில ஒரு அழகும் இல்லம்மா," என்றாள். "எங்கம்மா ஒட்டுப் போட்ட பொடவையோட நாத்து நட்டாங்க. அத்த எவனும் செவுத்துல மாட்டி வெச்சி அழகு பாக்கல."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது, இது அண்ணன் சொன்னதாயிற்றே. யார்மேல் ஒரு வாரமாகக் கறுவிக்கொண்டிருக்கிறாளோ அவருடைய வார்த்தை அவள் வாயிலிருந்து வருகிறது. அது பொய்யும் இல்லை. அந்தச் சேலையை அவளும்தான் பார்த்தாள். கிழிசல் தெரியாமலிருக்க அம்மா முந்தானையை எந்தப் பக்கம் இழுத்துச் செருகுவாள் என்பதுவரை அவளுக்கு ஞாபகம் இருந்தது. அண்ணன்மேல் இருந்த ஆத்திரம் குறையவில்லை. ஆனால் அது போய் முட்டுவது அம்மாவின் அந்தச் சேலையில்தான் என்று இப்போது புரிந்தது.

கிருஷ்ணப்பிரியா முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு, அப்படியென்றால் இது என்ன மேடம் என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். நாகவல்லி விரிப்பைப் பார்த்தாள். மாடிப்படியில் வராமல் போன பதில் இப்போது வந்தது. வகுப்பு முடிந்தது, எல்லோரும் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு, விரிப்பை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ஆவடி வீட்டில் ஏகாம்பரம் பனியனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை தண்ணீர் கொண்டுவந்தாள், நாகவல்லி வாங்கவில்லை. அண்ணன் உட்கார்ந்திருந்த கட்டிலிலேயே விரிப்பை விரித்தாள். அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"பாரு," என்றாள். "அன்னிக்கு நீ பாக்கவே இல்ல. இப்ப பாரு."

அவர் பார்த்தார். ரயில் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கொஞ்சம் குனிந்தார்.

"அம்மா துணி இல்லாததால ஒட்டுப் போட்டா. எனக்குத் துணி கீது, அதால வெட்டறேன். புதுத் துணிய, என் இஷ்டத்துக்கு, கை கூசாம வெட்டறேன். அம்மாவால முடியாதது அது. ரெண்டும் ஒண்ணுன்னு உன் சம்மந்தியம்மா நெனச்சா நெனச்சிட்டுப் போட்டும். நீ எப்டி நெனக்கலாம்?"

டிவியில் யாரோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அஞ்சலை போய் அணைத்தாள். ஏகாம்பரம் விரலால் ஒரு ஜன்னலைத் தொட்டார்.

"நீ சொல்றது எனக்குப் புரியுது. அத்த அவங்ககிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நீதான். அன்னிக்குத் திருப்பிப் போட்டவன் நீதானே."

மறுத்து ஒரு வார்த்தை வந்தால் ஆயுசுக்கும் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்றுதான் நாகவல்லி வந்திருந்தாள். ஏகாம்பரம் உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, வண்டிச் சாவி எங்கே என்று அஞ்சலையிடம் கேட்டார். காட்டுப்பாக்கத்துக்கா என்றாள் அஞ்சலை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நாகவல்லி விரிப்பை மடித்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்தாளே தவிர, முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"எது மேல் பக்கம்னு தெரியும்ல?" என்றாள்.