பாண்டியம்மாள் இரண்டாம் முறை படித்த ஓராண்டு

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, போடி காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் காவலர் தொலைபேசியில் அழைத்தார். “டீச்சரம்மா, நம்ம பாண்டியம்மா அக்கா தவறிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, தேனிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.” தலைமைக் காவலர் பாண்டியம்மாளுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நமது தொலைநிலைக் கல்வி மையத்தில் படித்த உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மையத்தின் பொறுப்பாளராக இருந்தவள் என்பதால் இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்னார்கள். புகழ்ந்துவிட்டு முடித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

சிலமலையிலிருந்து தாயுடன் வந்து எங்கள் ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்தவர் அவர். வேலை முடிந்து போகும் பெண்கள், காய் எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்று வாசலில் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். என் கணவர் வைத்த வழக்கம். அவருக்குப் பின் நானும் மாற்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் என் காரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இப்ப நான் அடுத்தவுக பையைச் சோதிக்கிறேன்மா. டிரெயினிங் உங்க கடையிலதான்.” தோட்டத்துப் பெண்களை மட்டும் அவர் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சோதித்தார். ஏன் என்று கேட்டேன். “நாலு பேரு முன்னாடி உதறுனா அந்தக் கூச்சம் வீடு வரைக்கும் வரும்மா.”

குற்றவியல் நீதி நிர்வாகத்தில் பி.ஏ. சேர வந்தபோது, முன்பே முடித்திருந்த காவல் பணித் தொழிற்கல்விப் பட்டயத்தின் மதிப்பெண் பட்டியலை என் மேசைமேல் வைத்தார். அதில் தேறிய பாடங்களுக்கான கிரெடிட்டுகளைப் பட்டப்படிப்புக்கு மாற்றினால் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். விண்ணப்பத்தில் என் கையெழுத்து வேண்டும்.

“ஒரு வருசம் மிச்சமாகும்மா. எஸ்.ஐ. பரீட்சைக்கு வயசு போய்க்கிட்டிருக்கு. டிகிரி வெரசா வேணும்.”

“தொழில் பழகுனது வேற, பட்டம் வேற. ரூல் இடம் கொடுக்காது” என்றேன். அந்த விதியை நான் படித்திருக்கவில்லை. என் கண்ணுக்கு அவர் இன்னும் ஏலக்காய்த் தட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்மா” என்று தாள்களை எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, வேறெதையோ தேடுகையில் விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மாற்ற இடம் இருந்தது. காலக்கெடு முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என் தவறு என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். மாணவியரின் ஒற்றுப்பிழையைக்கூட மன்னிக்காத கான்வென்ட் கண்டிப்பில் படித்தவள் நான், எழுதவில்லை. அவர் ஞாயிறுதோறும் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, ஏற்கெனவே தேறிய பாடங்களை மறுபடி படித்தார். “இதுல வாத்தியாருக்கே நான் டியூசன் எடுப்பேன்” என்று பக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைப்பார். பட்டம் வந்தபோது எஸ்.ஐ. தேர்வுக்கான வயது வரம்பைத் தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு இனிப்பு கொண்டுவந்தார். வாங்கித் தின்றேன்.

துக்கம் கேட்கப் போனேன். ஜீப் ஓட்டும் அவருடைய கணவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். “உங்க பேச்சு அவளுக்கு வேதம்மா. சர்ட்டிபிகேட்டோட வந்து யாரு கேட்டாலும், ‘கிரெடிட்டெல்லாம் மாத்த முடியாது தாயி, டீச்சரம்மா ரூல் பாத்துத்தான் சொன்னாங்க, மொத வருசத்துலயே சேந்துரு’ன்னு அனுப்பிவிடுவா.”

அப்படித் திரும்பிப் போனவர்களில் எவரேனும் இதைப் படித்தால், பாண்டியம்மாள் உங்களைத் தவறாக வழிநடத்தினார் என்று நினைக்க வேண்டாம். விதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பொய் என்னுடையது. அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கை இன்னும் என்னிடமே இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள அவர் இல்லை.