பேசாத மச்சான்களும் தூக்குகிற வண்டியும்

என் வீட்டுக்காரர் கார்த்திகேசு பாரம் தூக்கப் பிறந்தவர் இல்லை. மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால் வாளி தூக்க வேண்டுமே என்று பயந்தே பதினைந்து வயதில் லாரிப் பட்டறைக்கு ஓடி வயரிங் கற்றுக்கொண்ட மனிதர். கம்பியைத் தொட்டுப் பார்த்தே லாரிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். ஆனால் வீட்டில் அரிசி மூட்டையை இழுத்து வைப்பது நான்தான்.

எண்பத்து நாலில் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்தோம். அன்றைக்கு என் கண்ணாடி அலமாரியை அவரும் என் தம்பி சன்னாசியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். பாதியில் அது கீழே போய்விட்டது. யார் முதலில் கையை விட்டது என்பதில் சண்டை. "வயர் புடிக்கிற கைக்கு அலமாரி ஆகுமா?" என்று சன்னாசி கேட்டான். அத்தோடு பேச்சு நின்றது. இத்தனைக்கும் இருவருக்கும் ஒரே பட்டறையில் வேலை. அவர் வயரிங், அவன் வெல்டிங்.

கண்ணாடி போனால் போகட்டும். என் மகளுக்கு மூன்று வயது முடியப்போகிறது, இன்னும் மூளிக் காது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் வீட்டில் காது குத்த மாட்டார்கள். தகப்பன் வாயால் அழைக்காமல் தாய்மாமன் வரமாட்டான். கோவிலில் பார்க்கிறவளெல்லாம் பிள்ளையின் காதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அழுகை முட்டிக்கொண்டு வரும். அழாமல் இருவரையும் மனசுக்குள் திட்டுவேன்.

எண்பத்து ஏழில் ஈப்போவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் போட்டி வைத்தது. பதினைந்து கிலோவுக்குள் ஆள் ஏறாத ஒரு குட்டி வண்டி செய்ய வேண்டும். பலகை மேடையில் இரண்டு வண்டிகளை மோதவிடுவார்கள். எதிரியைக் கவிழ்த்தாலும் வெற்றி, கீழே தள்ளினாலும் வெற்றி. பட்டறை முதலாளி தவுக்கே இவர்கள் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பாவம், சீனக் கிழவருக்கு இவர்கள் பேசுவதில்லை என்பதே தெரியாது. அமைதியான வேலைக்காரர்கள் என்று நினைத்திருந்தார்.

வண்டி எங்கள் வீட்டுக் கொல்லையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உருவானது. பழைய கார்களின் வைப்பர் மோட்டார் மூன்று: இரண்டு சக்கரங்களுக்கு, ஒன்று தூக்குகிற கைக்கு. கையின் நுனியில் மண்வெட்டித் தகட்டைத் தேய்த்துப் பற்றவைத்த நாக்கு, தரையோடு தரையாக உரசிக்கொண்டிருக்கும். அது எதிரியின் அடியில் நுழைந்ததும் மோட்டார் சுற்றி மேலே கிளப்ப வேண்டும்.

"நல்லம்மா, வெல்டிங்காரர்கிட்ட சொல்லு. கை நீளமா இருந்தா மோட்டார் இழுக்காது. ஒரு அடி போதும்." வெல்டிங்காரர் நாலடி தள்ளித்தான் நிற்கிறார்.

"அக்கா, ஒரு அடின்னா எதிராளிக்கு அடியில போய்ச் சேராதுன்னு சொல்லு."

நான் நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சொல்லி, ஒன்றேகால் அடியில் கொண்டுவந்து முடித்தேன்.

மூன்றாவது ஞாயிறு நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். சன்னாசி அடுப்படிக்கு வந்தான். "அக்கா, பேட்டரிய பின்னால வைக்கச் சொல்லு. முன்னால பாரம் தூக்குனா வண்டி பின்பக்கம் எழும்பிரும்." எண்ணெய் என் கையில் தெறித்தது. அன்றைக்கு அது பதினேழாவது தபால். போங்கடா நீங்களும் உங்கள் பேட்டரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். சொல்லவே இல்லை.

அவர் பேட்டரியை முன்னால் வைத்தார். தன் சொல்லை மச்சான் மதிக்கவில்லை என்று சன்னாசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஒரு செங்கல்லை வைத்துச் சோதித்தார்கள், எழுந்தது. "தாப்பா லா, பரவாயில்ல, இது போதும்," என்று இருவரும் என்னிடம் சொன்னார்கள்.

போட்டியன்று சக்கரச் சுவிட்ச் அவர் கையில், தூக்குகிற சுவிட்ச் தம்பி கையில். நான் வழக்கம்போல் நடுவில் போய் நின்றேன். நடுவர் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று என்னைக் கயிற்றுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்.

எதிரில் மாணவர்கள் செய்த இரும்புப் பெட்டி வண்டி. மணி அடித்தது. அவர் வண்டியை நகர்த்துவதற்குள் தம்பி வண்டியின் கையைத் தூக்கிவிட்டான். அடுத்த முறை அவர் சரியாக அடியில் நுழைத்தார், இவன் தூக்கவில்லை. இருவரும் திரும்பி என்னைத் தேடினார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். பெட்டி வண்டி எங்களுடையதை விளிம்புவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

"மச்சான், இன்னும் கிட்ட போங்க!" சன்னாசிதான் கத்தினான்.

"போறேன்லா! அவசரப்படாத... ஆங், இப்ப தூக்கு!"

பெட்டியின் முன்சக்கரங்கள் மேலே எழுந்தன. கூடவே எங்கள் வண்டியின் பின்பக்கமும் எழுந்து, சாமி கும்பிடுவதுபோல் குனிந்து நின்றது. சக்கரங்கள் சும்மா காற்றில் சுற்றின.

"பின்னால பாரம் பத்தல!" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதான் அப்பவே சொன்னேனே, பேட்டரிய பின்னால வைங்கன்னு!"

"எங்கிட்ட எப்ப சொன்ன?"

"அக்காகிட்ட சொன்னேன்!"

இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"மீன் பொரிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றேன்.

"ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று அவர் ஆரம்பிக்க, தம்பி சேர்ந்துகொண்டான். அந்த நேரத்தில் எங்கள் வண்டி மேடையிலிருந்து விழுந்து நொறுங்கியது. இருவரும் பார்க்கவே இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் பட்டறை வேனில் எனக்கு அர்ச்சனை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவன் திட்டினான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

வீட்டு வாசலில் தம்பி இறங்கும்போது அவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மச்சான், வர்ற வெள்ளிக்கிழமை காலையில வந்துரு. பாப்பாவுக்கு உன் மடியில வச்சுக் காது குத்தணும். நானே நேர்ல சொல்லிட்டேன். இவகிட்ட சொல்லி அனுப்புனா உனக்கு வந்து சேராது."