அடிக்கல்லில் ஒரு முகம்

மலைநாட்டில், றொசல்ல ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டது. எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. இறங்கி நடக்கிறேன். தேயிலைச் சரிவில், தோட்டத் தொழிலாளர்களுக்கான தனி வீட்டுத் திட்டத்துக்கு ஒரு தலைவர் நட்ட அடிக்கல் நிற்கிறது. பின்னால் வீடு இல்லை, ஆளுயர மானாப்புல்தான்.

தலைவரின் பெயர்மேல் செக்கச்செவேலென்று ஒரு நாற்றப்பூச்சி தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. முதுகில் அப்படியே மனித முகம்: இரண்டு கறுப்புக் கண், மேலே வாரிவிட்ட கிராப்பு. போஸ்டரில் தலைவர்கூட இவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை. இந்த நிறமே பறவைகளுக்கு எச்சரிக்கை என்று படித்திருக்கிறேன். படித்து என்ன பயன்? படமெடுக்க வாகாக விரலால் நகர்த்துகிறேன். அது பீய்ச்சிய நாற்றத்தை விரலிலிருந்து புல்லில் தேய்க்கிறேன்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வருகிற ஓர் அக்கா சிரிக்கிறார்.

"அதான் கலர் போட்டுச் சொல்லுதே, அப்புறம் ஏங்க தொட்டீங்க?"

"இது என்ன செய்யும்?"

"ஊசி மாதிரி வாய குத்திச் செடியில சாற உறிஞ்சும். வேற வேல கெடையாது."

"தலைவர் அப்புறம் வந்தாரா?"

"எங்க வந்தாரு? பூச்சி கலருல சொல்லுது, அவரு வெள்ள வேட்டியில வந்தாரு. எங்களுக்கு எப்புடித் தெரியும்? காலையில வேல பிரிக்கிற பெரட்டுக் களத்துல நிப்பாட்டி ஆரத்தி எடுக்கச் சொன்னாங்க, எடுத்தோம். நாளைக்கு வேற ஒருத்தரு கல்லு நட வாராரு."

பூச்சியைத் தட்டிவிடக் கை ஓங்குகிறேன்.

"ஐயோ, வெரட்டிராதீங்க!"

வெற்றிலை டப்பாவைக் காலி செய்கிறார். ஓர் இலையால் பூச்சியை அலுங்காமல் உள்ளே தள்ளி மூடுகிறார்.

"நாளைக்கு வாரவருக்கு மாலை கட்டுறது நான்தாங்க."