கூரையில்லாத வீட்டு வாசல்

வெள்ளிக்கிழமை லீவு. ரோலா கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் கீழக்கரை சுல்தான் பாயும் நானும் ராசல்கைமா கடற்கரையில் ஒரு பழைய ஊருக்கு வந்திருக்கிறோம். முத்துக் குளித்து வாழ்ந்த ஊர். நான் பிறப்பதற்கு முன்பே எல்லோரும் காலி செய்துவிட்டார்களாம். இங்கேயே பிறந்த ஓர் அரபுப் பெரியவர் இந்தி பேசியபடி சுற்றிக் காட்டுகிறார்.

சுவரெல்லாம் பவளப்பாறை. தடவினால் சிப்பியும் சங்கும் விரலில் நெருடுகின்றன. துபாயின் கண்ணாடிக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற நான் மறுபடி மறுபடி தடவிப் பார்க்கிறேன். ஒரு கடலையே நிமிர்த்தி வைத்து அதற்குள் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்!

கடைசி வீட்டுக்குக் கதவுமில்லை, கூரையுமில்லை. பெரியவர் வாசலில் நின்று அரபியில் உரக்கக் குரல் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"உள்ள யாரும் இல்லையே, பாபா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்கிறேன்.

"இது எங்க வீடு. வெளியாளுங்களக் கூட்டிட்டு வந்தா, பொம்பளைங்க ஒதுங்கறதுக்குச் சத்தம் குடுக்கணும். இல்லன்னா அம்மா திட்டுவாங்க."

சுல்தான் பாய் தலையைக் குனிந்துகொள்கிறார். காற்றில் மணல் நகர்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர், "யல்லா, வாங்க" என்கிறார்.

படமெடுக்கத் தயாராகக் கையில் வைத்திருந்த கேமரா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறேன்.